பழைய கை, புது லாரி: ராமநாதபுரம் கடற்கரையில் ஆறு நாள்

முதல் நாள், ராமநாதபுரம்

பட்டணம்காத்தான் சோதனைச் சாவடி தாண்டி ரோட்டோரக் காலியிடத்தில் வண்டி நிற்கிறது. மூன்று ஆக்ஸில், பத்து டயர், பின் ஆக்ஸில் லிஃப்ட், இன்ஜின் பிஎஸ்-6, புகைக் கட்டுப்பாட்டில் புது வகை. கேபினில் இரண்டு பேர். ஒருவர் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர். மற்றவர் பதினோரு வருடம் வேறு பிழைப்பு பார்த்துவிட்டு மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வந்தவர். அவரவர் கதை இங்கே வேண்டாம். இதே மாதிரி திரும்ப நினைக்கிறவர்களுக்கு ஆகிற சங்கதிகளை மட்டும் ஊர் ஊராக எழுதுகிறோம்.

இன்று வண்டி ஓடவில்லை. முழுக்கப் பேப்பர்தான்.

முதலில் லைசென்ஸ். கார்டில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று நான்-டிரான்ஸ்போர்ட், இன்னொன்று டிரான்ஸ்போர்ட். பைக்கும் காரும் ஓட்டுகிற முதல் தேதி இன்னும் பல வருடம் ஓடும். அதைப் பார்த்துவிட்டு "லைசென்ஸ் உயிரோடதான் இருக்கு" என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. லாரிக்குக் கணக்கு இரண்டாவது தேதி. முன்பு அது மூன்று வருடத்துக்கு ஒருமுறை. 2019 செப்டம்பர் 1 முதல் ஐந்து வருடம். முடிகிற தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்குள் என்றால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பித்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். முன்பு இதற்கு ஐந்து வருட அவகாசம் இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முடிந்த தேதிக்குப் பின் முப்பது நாள் ஓட்டிக்கொள்ளலாம் என்ற பழைய சலுகையும் இப்போது கிடையாது. அந்த இடைவெளியில் ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும்.

புத்தக லைசென்ஸ் காலத்து ஆள் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் நம்பர், லைசென்ஸ் விவரம் இருக்கிற சாரதி இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் ஆன்லைனில் எந்த விண்ணப்பமும் நகராது. லைசென்ஸ் எடுத்த ஆர்டிஓ ஆபீஸுக்கே போய் 'பேக்லாக்' பதிவு போடச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் எடுத்தவர்களுக்கு டிஎன் 65.

மெடிக்கல் சான்றிதழ் படிவம் 1-ஏ. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் டாக்டர் எழுதித் தர வேண்டும். நாற்பதைத் தாண்டியவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பிறகு டாக்டரிடம் போவது நல்லது. பழைய பவர் கண்ணாடியோடு போய்த் திரும்பி வந்தால் ஒரு நாள் வீண். எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள்.

லைசென்ஸ் சரியானதும், ஏறப்போகிற வண்டியின் பேப்பரையும் பார்த்துவிடுங்கள். முன்பெல்லாம் முதலாளி சொன்னதுதான் வேதம். இப்போது எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்சி என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றின் தேதியும் தெரிந்துவிடும். புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்சி, அதன் பிறகு வருடா வருடம். சாவியை வாங்குவதற்கு முன்பே இதைப் பார்ப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தப்பாக எடுத்துக்கொள்கிற இடம் என்றால் அந்த வண்டி வேண்டாம்.

டிஜிலாக்கரில் இருக்கிற ஆவணம் சட்டப்படி செல்லும். ஆனாலும் செராக்ஸ் ஒரு செட் கேபினில் கிடக்கட்டும். சாயல்குடி தாண்டினால் சில இடங்களில் சிக்னல் கோடு ஒன்றுகூட நிற்காது.

டோல்கேட் விஷயம் சுருக்கமாக. மதுரை ரோட்டில் போகலூர் வருகிறது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி, டேக் வேலை செய்யாமல் ரொக்கம் கொடுத்தால் இரட்டைக் கட்டணம், யுபிஐயில் கட்டினால் ஒன்றே கால் மடங்கு. கிளம்பும் முன் பேலன்ஸ் பார்ப்பது டீசல் பார்ப்பது மாதிரி.

இரண்டாம் நாள், அதே இடம், கேபின் சாய்த்து

கை எதையும் மறப்பதில்லை. இரண்டு நாளில் கிளட்ச்சும் கியரும் வந்துவிடும். சிக்கல் அங்கே இல்லை. பழைய வண்டியில் நல்ல டிரைவர் என்று பெயர் வாங்கித் தந்த பழக்கங்களில் பாதி, புது வண்டியைக் கெடுக்கிற பழக்கங்கள்.

டீசல் லைனில் ஏர் பிடித்தால் நாஸில் பைப் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லி ஏர் எடுப்பது அதில் முதலாவது. பழைய பம்புக்கு அது சரி. புது வண்டியில் இருப்பது காமன் ரயில் இன்ஜின், எல்லா நாஸிலுக்கும் ஒரே பைப்பிலிருந்து டீசல் போகும். அந்தப் பைப்பில் ஓடுகிற அழுத்தம் 1,600 பாருக்கும் மேல் போகும். அந்த டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள். ஏர் எடுக்க ஃபில்டர் மேலே இருக்கிற கைப்பம்பு போதும். அது கெட்டியாகிற வரை அடியுங்கள். அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஸ்பேனரைக் கூப்பிடாதீர்கள்.

அடுத்தது டீக்கடை வாசலில் இன்ஜினை ஓட விட்டு டீ குடிப்பது. சும்மா ஓடுகிற இன்ஜினில் புகைபோக்கி சூடாவதில்லை. சைலன்சருக்குள் இருக்கிற கரி ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஓட்டத்தில் அதுவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். முடியாதபோது மீட்டரில் விளக்கு வரும். அப்போது வண்டியை ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, ரீஜெனரேஷன் பட்டனை அழுத்தினால் அரைமணி போல இன்ஜின் தானாக வேகம் கூட்டிக் கரியை எரிக்கும். அந்நேரம் சைலன்சர் வாய் 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். காய்ந்த புல், பனையோலை, சீமைக்கருவேல முள் இருக்கிற இடத்தில் அந்தப் பட்டனைத் தொடவே கூடாது. இந்தக் கடற்கரையில் ரோட்டோரம் முழுக்க இந்த மூன்றும்தான். வெறுந்தரையாகப் பார்த்து நிறுத்துங்கள்.

அதற்காக வண்டி நின்ற நொடியில் சாவியைத் திருப்பியும் விடாதீர்கள். லோடோடு ஓடி வந்த டர்போ சூட்டோடு இருக்கும். ஆயில் ஓட்டம் நின்றால் அதன் பேரிங்கில் ஆயில் கருகும். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். டீ ஆர்டர் சொல்லிவிட்டு வருகிற நேரம்.

புகையைச் சுத்தம் செய்கிற டெஃப் என்கிற டப்பா திரவம், நம் ஆட்கள் வாயில் யூரியா. நீல மூடி போட்ட தனி டேங்க். சுத்தமான தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா. நூறு லிட்டர் டீசலுக்கு மூன்றிலிருந்து ஆறு லிட்டர் வரை குடிக்கும். தீர்ந்தால் முதலில் விளக்கு, பிறகு இன்ஜின் இழுவை குறையும், அதற்கும் அசையாவிட்டால் வண்டி ஊர்ந்துதான் போகும். இதில் நடக்கிற பெரிய தப்பு இரண்டு. ஒன்று, வயலுக்குப் போடுகிற யூரியாவைக் கரைத்து ஊற்றுவது. ராமநாதபுரத்து நிலத்தடித் தண்ணீர் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, வாயில் வைத்தாலே தெரியும். அந்த உப்பு நாஸிலையும் அடுத்திருக்கிற கேட்டலிஸ்ட்டையும் அடைத்துவிடும். இரண்டாவது, இருட்டில் டேங்க் மாற்றி ஊற்றுவது. டீசல் டேங்கில் யூரியா போனாலும், யூரியா டேங்கில் டீசல் போனாலும், சாவியை ஆன்கூடப் பண்ணாதீர்கள். ஆன் செய்தாலே பம்பு உறிஞ்ச ஆரம்பித்துவிடும். சாவி போடாத வரை டேங்கைக் கழற்றிக் கழுவுகிற செலவு, போட்டுவிட்டால் பம்பும் பைப்பும் நாஸிலுமாக முழு லைன் செலவு.

ரேடியேட்டருக்கும் இதே தண்ணீர் கதைதான். ரோட்டோர அடிபம்புத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றியது அந்தக் காலம். இப்போது கூலன்ட், அவசரத்துக்கு பேட்டரி தண்ணீர். ஐந்து லிட்டர் கேன் ஒன்று எப்போதும் சீட்டுக்குப் பின்னால் கிடக்கட்டும்.

நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பது இன்னொரு பழைய வித்தை. கியரில் வைத்தபடியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் புது இன்ஜினில் டீசல் சுத்தமாக நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். புகைவழியை அடைத்து வேகம் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் கையில் இருக்காது. மிச்சம் என்று நினைத்தது செலவுதான்.

பழையதில் விடக்கூடாதவையும் உண்டு. காலையில் ஏர் டேங்க் வடிப்பது. இந்தக் கடல் ஈரத்தில் தண்ணீர் வரத்தான் செய்யும். தண்ணீரோடு எண்ணெய் வந்தால் கம்ப்ரசர் ரிங் தேய்ந்திருக்கிறது. மீட்டரில் 7 பார் வராமல் வண்டியை எடுக்க வேண்டாம். இன்ஜினை அணைத்து, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்தபடி முள்ளைப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிய இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. டீசல் ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகு, டயரை லிவரால் தட்டிக் காது கொடுப்பது, இதெல்லாம் அப்படியே தொடரட்டும். பிரேக் இடைவெளியைச் சரிசெய்கிற ஸ்லாக்கை மட்டும் ஸ்பேனர் போட்டுத் திருகாதீர்கள். இப்போது வருவது தானாகச் சரிசெய்துகொள்கிற ஆட்டோ ஸ்லாக். அது பிடிக்கவில்லை என்றால் லைனிங்கிலோ புஷ்ஷிலோ பிரச்சினை. திருகினால் அது மறைந்துபோகும், தீராது.

மூன்றாம் நாள், வாலிநோக்கம்

கீழக்கரை, ஏர்வாடி வழியாக வாலிநோக்கம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கீழக்கரையில் ஊருக்குள் ரிவர்ஸ் எடுக்க நேர்ந்தால் ஒன்று உறைக்கும்: இப்போது பாதி வண்டியில் கிளீனர் இல்லை. பாடியைத் தட்டி "வா, வா, ரைட்ல ஒடி" என்று சொல்கிற குரல் இல்லாமல் கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது. கேமரா இருந்தாலும் மேலே தொங்குகிற வயரை அது காட்டாது. இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பாதி தூரம் போய் சந்தேகம் வந்தால் மறுபடி இறங்குங்கள்.

வாலிநோக்கம், மாரியூர் பக்கம் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. கழகம் 1974-ல் தொடங்கியது. சுற்றிலும் தனியார் அளங்களும் உண்டு. உப்பு வாருவது கோடையில் உச்சம், ஐப்பசி மழை வந்தால் முடிந்தது. லோடு கிடைக்கிற காலமும் அதுதான்.

ஏற்றுவதற்கு முன் கணக்கு. எடை வரம்பு மாறியிருக்கிறது: மூன்று ஆக்ஸில் வண்டிக்கு மொத்த எடை உச்சவரம்பு 25 டன்னாக இருந்தது, 2018 ஜூலையில் 28.5 டன்னானது. ஆனால் உங்கள் வண்டிக்குச் செல்லுபடியாவது ஆர்சியில் அச்சடித்திருக்கிற எண்தான். ஆர்சியில் மொத்தம் 28,000 கிலோ, காலி எடை 9,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 18,400. இத்தோடு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். 300 லிட்டர் டீசலே 250 கிலோ. தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, ஆட்கள் சேர்த்து இன்னொரு 250. மிச்சம் 17,900. ஐம்பது கிலோ மூட்டையில் 358. அளத்து ஆள் "முன்னூத்தி எண்பது ஏத்திக்கங்கண்ணே, எல்லா வண்டியும் ஏத்துது" என்பார். உப்பு மூட்டை காலையில் ஒரு எடை, ஈரக்காற்றில் இரவு முழுக்கக் கிடந்தால் ஒரு எடை. அந்த 380 எடைமேடையில் எவ்வளவு காட்டும் என்று அவருக்கும் தெரியாது. அதிக பாரத்துக்கு இப்போது சட்டத்தில் அபராதம் 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. இரண்டு டன் கூடுதல் என்றால் 24,000. முன்பு 2,000-த்தில் ஆரம்பித்த அபராதம் அது. கூடுதல் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும் என்பது தனி.

எடைமேடையில் ஏறுகையில் லிஃப்ட் ஆக்ஸில் இறங்கியிருக்கிறதா பாருங்கள். காலியில் தூக்கி ஓட்டிவிட்டு மறந்துபோய், லோடு ஏற்றிய பிறகும் அப்படியே விடுகிற தப்பு புதிதாக வருகிறவர்களிடம் சகஜம். பழைய வண்டியில் இந்த சுவிட்சே கிடையாது என்பதால் கை அங்கே போவதில்லை. மொத்த பாரமும் ஒரே ஆக்ஸிலில் நின்றால் முதலில் போவது டயர், அப்புறம் ஸ்பிரிங் பட்டா.

அளத்துக்குள் போகிற பாதை தனிக் கதை. மேலே காய்ந்து வெள்ளையாகத் தெரியும், கீழே களி. மற்ற வண்டிகளின் தடத்தை விட்டு ஒரு அடி விலகினாலும் டயர் இறங்கும். வரப்பு ஓரம் நிறுத்த வேண்டாம், லோடு ஏற ஏற அந்தப் பக்கம் அமுங்கும். காலி வண்டி சிக்கிச் சுழன்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். லிஃப்ட் ஆக்ஸிலைத் தூக்கினால் பாரம் ஓட்டும் சக்கரத்துக்கு வரும், முதல் கியரில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். பின் சக்கரங்களை ஒன்றாகச் சுற்றவைக்கிற டிஃப் லாக் இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து வெளியே வந்ததும் எடுத்துவிடுங்கள். போட்டபடி திருப்பினால் ஹவுசிங்குக்குள் பல் உடையும்.

மூட்டை அடுக்குமுன் பிளாட்பாரத்தில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டு, ஓரத்தை மூட்டை உயரத்துக்கு மடித்து ஏற்றுங்கள். உப்புத் தண்ணீர் சேசிஸில் சொட்டாமல் இருக்க இதைவிட மலிவான வழி கிடையாது. தார்ப்பாய் இரண்டு என்றால் பின்பாயை முதலில் விரித்து, முன்பாயை அதன் மேல் ஒரு முழமாவது ஏறும்படி போடுங்கள். மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் காற்று இணைப்புக்குள் புகுந்து பாயைத் தூக்கும், மழை பெய்தால் தண்ணீர் நேராக உள்ளே போகும். உப்பில் மழை இறங்கினால் மூட்டை எண்ணிக்கை சரியாக இருக்கும், எடை இருக்காது. இறக்குகிற இடத்தில் அந்தக் குறைச்சல் யார் தலையில் விழும் என்று சொல்லவும் வேண்டுமா.

உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது, சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கிற இ-வே பில்லும் வேண்டாம். பில்லும் எடைச்சீட்டும் போதும். வரி உள்ள சரக்கு என்றால் தமிழ்நாட்டுக்குள் மதிப்பு ஒரு லட்சம் தாண்டினால் இ-வே பில் வேண்டும், வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரம் தாண்டினாலே. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. அதில் பார்ட்-பி என்ற பகுதியில் வண்டி நம்பர் உங்கள் வண்டி நம்பர்தானா என்று கிளம்பும் முன் படித்துப் பாருங்கள். வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும். பழைய செக்போஸ்ட் வரிசை 2017-ல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது. அதற்குப் பதில் எங்கே வேண்டுமானாலும் மறித்துக் கேட்கலாம்.

நான்காம் நாள், தொண்டி

உப்பு தொண்டிப் பக்கம் கருவாட்டுக்குப் போகிறது. ராமநாதபுரம், தேவிபட்டினம், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே.

ரோடு நல்ல ரோடு, அதுதான் ஆபத்தும். திருப்பமே இல்லாமல் நீண்டு கிடக்கும், பின்மதியம் கண்ணைச் செருகும். ஸ்பீடு கவர்னர் 80-க்கு மேல் விடாது என்பதால் காலை முழுசாக அழுத்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பழக்கம் வருகிறது. அப்படி வேண்டாம். மீட்டரில் பச்சைப் பட்டைக்குள் ஆர்பிஎம் இருக்கிற மாதிரி 60-க்குள் ஓட்டினால் டீசலும் மிஞ்சும், ஆடு குறுக்கே வந்தால் நிற்கவும் முடியும். சீமைக்கருவேலம் ரோட்டு விளிம்பு வரை வளர்ந்து நிற்கிற இடங்களில் ஆடு மாடு ரோட்டில் கால் வைத்த பிறகுதான் கண்ணில் படும். ஒரு ஆடு கடந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள், பின்னாலேயே நான்கு வரும்.

கேபினில் கடிகாரத்தோடு ஒரு தினசரிக் காலண்டரும் வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று தேவிபட்டினத்திலும் ராமேசுவரத்திலும் ரோடு உங்களுடையது இல்லை. மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கைப் பக்கம், சந்தனக்கூடு சமயம் ஏர்வாடிப் பக்கம். முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள் அல்லது மறுநாள் கிளம்புங்கள்.

பழைய சட்டப்படி மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு. 1961-ம் வருடச் சட்டம் வைத்த கணக்கு அது, 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு. திரும்பி வருகிறவர் முதல் ஒரு மாதமாவது இதை முதலாளியிடம் சொல்லியே வேலையை எடுக்கலாம், முதுகு பழக அவ்வளவு நாளாகும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டு "அடுத்த ஊரில் சாப்பிடலாம்" என்று ஓட்டுவதுதான் மிக மோசம். சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், கண் மங்கும், அது தூக்கம் மாதிரியே இருக்கும். இலந்தைவடையோ கடலை மிட்டாயோ டேஷ்போர்டில் இருக்கட்டும்.

தொண்டியில் இறக்கி முடிக்க மாலை ஐந்து.

ஐந்தாம் நாள், சாயல்குடி

கரி லோடு. எடை இல்லை, உயரம் உண்டு. இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: விறகை மூடி எரித்துக் கரியாக்குகிற மூட்டம் எப்போது பிரித்தது? நேற்றுப் பிரித்து இன்று மூட்டை கட்டியது என்றால் ஏற்றாதீர்கள். வெளியே கறுத்துக் கிடக்கிற கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கங்கு இருக்கும். ஓட்டத்தில் காற்றுப் படப் பட உயிர் பிடிக்கும். ஏற்றுகிறபோது ஒவ்வொரு மூட்டையிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால்கூட ஓரமாகப் போடச் சொல்லுங்கள். ஓடுகிறபோது புகை வாடை வந்தால் வீடு, பங்க் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, பாயை மொத்தமாக உருவாமல் புகைகிற மூட்டையை மட்டும் ஓரத்திலிருந்து இழுத்துத் தள்ளுங்கள். பாயை உருவினால் மொத்த லோடுக்கும் ஊதுலை வைத்த மாதிரி ஆகிவிடும். தீயணைப்பான் சிலிண்டர் முள் பச்சையில் இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன் பார்க்க வேண்டும், பிறகு அல்ல.

வேறு எழுத ஒன்றுமில்லை. சாயல்குடியில் கருப்பட்டி நன்றாக இருந்தது.

ஆறாம் நாள், பாம்பன்

உச்சிப்புளி, மண்டபம் தாண்டி அரிசி மூட்டையோடு ராமேசுவரம் போய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறோம். லோடோடு பாலம் ஏறுவது சுலபம். காலி வண்டிதான் கவனிக்க வேண்டியது.

1988 அக்டோபரில் திறந்த பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல். வாகனம் இரண்டு வரிசைதான் போகலாம், அதில் ஒரு வரிசையின் ஓரத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் படம் பிடிக்க நிறுத்திய கார்கள். ஆடியில் கச்சான் காற்று, மார்கழியில் வாடைக் காற்று, இரண்டும் பாலத்துக்குக் குறுக்கே அடிக்கும். காலி வண்டியில் உயரமான பாடி பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். பவர் ஸ்டியரிங் லேசாக இருப்பதால் ஒரு தள்ளலுக்கு ஒடிக்கிற கை தேவைக்கு மேல் ஒடித்துவிடும். பழைய கனமான ஸ்டியரிங்கில் பழகியவருக்கு இது இன்னும் கூடும். இரண்டு கையாலும் பிடித்து, 30-ல் ஒரே கியரில் போங்கள். பாலத்துத் துண்டுகள் சேர்கிற இணைப்பில் காலி ஆக்ஸில் குதிக்கும். அந்த நேரம் பிரேக்கை மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்து பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும். பிரேக் போய்விட்டது என்று பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், மிதித்தபடியே வையுங்கள். தார்ப்பாயைச் சுருட்டிப் பாடிக்குள் கட்டிவிட்டு ஏறுவது நல்லது. பாலத்தில் ஒரு முனை அவிழ்ந்தால் நிறுத்திக் கட்ட இடமில்லை.

மண்டபத்தில் மீன் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. திரும்பி வருகிறவர்களுக்கு இங்கே முதலில் கிடைக்கிற வேலை பெரும்பாலும் இந்த ஆறு டயர் பெட்டி வண்டிதான், அதனால் இரண்டு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. அந்த இரண்டு மாதப் பேட்டா எப்படி என்பதைச் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள். மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போடுவது வழக்கம், அந்த ஐஸும் உங்கள் வண்டியின் எடைக் கணக்கில்தான் வரும். பெட்டியின் அடியில் வடிகிற மீன் தண்ணீரை ரோட்டில் திறந்துவிட்டால் பின்னால் வருகிற பைக் வழுக்கும். உங்கள் பின் பிரேக் பைப்பும் அந்த உப்பில்தான் ஊறும். குளிர்பதன வண்டி என்றால் பெட்டியை முன்கூட்டியே குளிரவைத்து ஏற்றுங்கள். அந்த மெஷின் குளிரைக் காப்பாற்றத்தான். சூடான சரக்கைக் குளிரவைக்கிற சக்தி அதற்கில்லை.

சாயங்காலம் ராமநாதபுரத்தில் வாட்டர் சர்வீஸ். உப்பு லோடு இறக்கியதற்கு மறுநாளே கழுவியிருக்க வேண்டும், இரண்டு நாள் தள்ளிப்போனது சரியில்லை. நல்ல தண்ணீரா என்று கேட்டுவிட்டு வண்டியை உள்ளே விடுங்கள். போர் உப்புத் தண்ணீரில் உப்பைக் கழுவி என்ன பயன். மேலிருந்து கீழாக: பிளாட்பாரம், சேசிஸ் உட்புறம், பட்டா இடுக்கு. பிரேக் டிரம் கைதொடுகிற அளவு ஆறியிருக்க வேண்டும், சூட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தண்ணீர் அடிக்கிற கன்னை வயர் கனெக்டர், யூரியா பம்பு, இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டி பக்கம் காட்டக்கூடாது. காய்ந்த பிறகு கிரீஸ்: கிங்பின், பட்டா பின், கிராஸ் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்குகிற வரை. பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருந்தது; சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவியாயிற்று. பின் விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டே வந்தது. பல்பு நல்ல பல்பு. எர்த் வயர் சேசிஸில் சேர்கிற போல்ட்டில் துரு. இந்தக் கரையில் லைட் எரியவில்லை என்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

நேற்று முன்தினம் தொண்டியில் மாற்றிய டயரின் நட்டை நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்க வேண்டும், அதுவும் ஆயிற்று. இடப்பக்க நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று பழைய ஞாபகத்தை நம்பாதீர்கள். சில வண்டியில் இடது மரை, சில வண்டியில் எல்லாமே வலது மரை. ஸ்டட் முனையில் இருக்கிற எழுத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு ஸ்பேனரில் ஏறுங்கள்.

வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி எடுத்தாயிற்று. பழைய கை உடனே பேட்டரி மெயின் சுவிட்சுக்குப் போகும். போகக்கூடாது. இன்ஜின் நின்ற பிறகும் அடியில் 'ட்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பைப்பில் மிஞ்சிய யூரியாவை பம்பு டேங்குக்குத் திரும்ப இழுக்கிற சத்தம் அது. பாதியில் கரண்டை நிறுத்தினால் யூரியா பைப்பிலேயே நின்று உப்பு மாதிரி கட்டிவிடும், காலையில் விளக்கு எரியும். ஒன்றிரண்டு நிமிடம்தான். சத்தம் அடங்கிற்று. இப்போது மெயின் சுவிட்ச்.